சி.எஸ்.கே. ஸ்க்ரூவும் 1990-இல் கேட்ட ஒரு கேள்வியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்திருந்தான். கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான், வேண்டாம். பேத்தி படுக்கும் அடுக்குக் கட்டில் பக்கம் தற்செயலாகக் கை வைத்தவன், அப்படியே நின்றுவிட்டான். மேல்தட்டில் பிள்ளை உருண்டு விழாமல் இருக்க ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் நான்கு திருகாணி. "டீச்சர், இந்த ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கே, யார் போட்டது?" என்றான்.

நான்தான் போட்டேன். வீடு மாற்றும்போது ஒன்று தொலைந்துவிட்டது. மீதி மூன்றில் ஒன்றைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், "இதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டேன். அளவு சரியாகத்தான் தெரிந்தது. தலையில் மட்டும் அறுகோணக் குழிக்குப் பதில் ஒரு கோடு இருந்தது. திருப்புளியால் திருகினேன். இரண்டு மூன்று சுற்று போனதும் நன்றாக இறுகிவிட்டது. பலே என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் கம்பியைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். அந்த முனை கையோடு வந்துவிட்டது. ஏழு மாதமாக அந்தக் கம்பியை நம்பித்தான் பேத்தியைத் தூங்க வைத்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து அவனே சமாதானம் சொன்னான். பிறகு பழைய ஆணியையும் என் ஆணியையும் மரையோடு மரை பொருத்தி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். முதல் பல் சரியாக உட்கார்ந்தது. நாலாவது, ஐந்தாவது பல் வரும்போது ஒன்றின் முகட்டில் இன்னொன்றின் முகடு ஏறி நின்றது. இடையில் வெளிச்சம் தெரிந்தது. "இது எம் எட்டு. நீங்க வாங்கினது ரெண்டரை நூல். இஞ்ச் மரை டீச்சர். இறுகினது பிடிச்சதால இல்ல, முட்டிக்கிட்டதால" என்றான்.

போகும்போது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "எட்டாம் வகுப்புல ஸ்கேலைக் காட்டி, ஒரு ஓரத்துல இஞ்ச், இன்னொரு ஓரத்துல சென்டிமீட்டர், எதுக்கு டீச்சர் ரெண்டும்னு கேட்டேன். பரீட்சைக்கு சென்டிமீட்டர் போதும், உட்காருன்னீங்க." அது 1990. எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். பாதி அவன் சொன்னது, பாதி நான் தேடிப் படித்தது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருகாணிக்கும் அதன் நட்டுக்கும் உறவு கணவன் மனைவி உறவு மாதிரி. ஒரு பட்டறையில் செய்த போல்ட் அதே பட்டறையில் அதற்கென்றே செய்த நட்டில்தான் ஏறும். ஜோடி பிரிந்தால் இரண்டும் வீண். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர் 1800-ஐ ஒட்டி, துல்லியமாக மரை வெட்டும் லேத் ஒன்றை உருவாக்கினார். ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட முடியும் என்று ஆனது. அவர் பட்டறையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். இவர் பல பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து, 1841-இல் ஒரு அட்டவணையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. இந்தத் தடிமனுக்கு ஒரு அங்குலத்தில் இத்தனை சுற்று என்று கணக்கு. ரயில் கம்பெனிகள் அதை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தின் இயந்திரம் போன இடமெல்லாம் விட்வொர்த் மரையும் போனது. நம் ஊர் மில்லுக்கும் ரயிலுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. என் ரெண்டரை நூல் ஆணி அந்த வம்சம்தான். தெரியாதவர்களுக்கு: ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நம் ஆசாரிகள் இன்றும் அதில்தான் பேசுகிறார்கள்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகைக் கோணம் வைத்தார். அதை வெட்டுவது சுலபம் என்பது அவர் வாதம். ஐரோப்பாவில் மீட்டர் கணக்கு வைத்திருந்த நாடுகள் 1898-இல் சூரிச் நகரில் கூடி, 60 பாகையிலேயே மில்லிமீட்டர் மரைக்கு ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆக உலகில் மூன்று பெரிய குடும்பங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

பொருந்தாத மரையால் என்ன குடி முழுகிவிடும்? 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களில் இருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. தண்ணீரும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். ஆனால் வெளியூர்க் குழாய்களின் மரை பால்டிமோர் தண்ணீர்க் குழாய்களின் மரையில் ஏறவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் தீயணைப்புக் குழாய் மரைக்குப் பொது அளவு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒருவர் ஆணியை இன்னொருவர் வண்டியில் போட முடியாமல் திண்டாடின. 1948-இல் இரண்டும் கனடாவும் சேர்ந்து அங்குல மரைக்கு ஒரே அளவு என்று கையெழுத்திட்டன. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியதுதான் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர நிர்ணய அமைப்பு. அதன் குழுக்களுக்கு வரிசை எண் உண்டு. ஒன்றாம் எண் குழு எதற்குத் தெரியுமா? திருகு மரைக்கு. உலகம் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டிய முதல் விஷயம் அதுதான் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

நம் நாட்டில் 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா. அணாவும் படியும் வீசையும் மெல்லப் போயின. ஆனால் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரத்தைச் சட்டம் போட்டு மாற்ற முடியாதே! அதில் கழன்ற ஆணிக்கு அதே அங்குல ஆணிதான் வேண்டும். அதனால் கடையில் இரண்டும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஸ்கேலின் இரண்டு ஓரத்துக்கும் காரணம் இதுதான். இதைச் சொல்ல அன்று எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

இனி அந்தக் கட்டில் ஆணியின் தலைக்கு வருவோம். கடையில் 'சி.எஸ்.கே.' என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்குக் கைதட்டத்தான் தெரியும். இது கிரிக்கெட் அல்ல. தலை புனல் மாதிரி சரிந்திருக்கும், துளையின் வாயும் அதே சரிவில் குடையப்பட்டிருக்கும். ஆணி இறங்கியதும் தலை பலகையோடு பலகையாகச் சமமாகிவிடும். துணி மாட்டாது, கை கிழியாது.

அந்தத் தலையில் அறுகோணக் குழி வந்ததற்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து ஆலைகளில் சுழலும் தண்டோடு கப்பியை இறுக்கிவைக்க ஒரு திருகாணி இருக்கும். அதன் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு சுற்றும்போது தொழிலாளியின் சட்டைக் கை அதில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். தலையை உள்ளே மறைத்துவிட்டு, குழியில் சாவி போட்டுத் திருகினால் ஆபத்து குறையும். 1910-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஆலன் என்பவர் இத்தகைய ஆணிகளைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்று, 'பாதுகாப்பு ஆணி' என்றே விற்றார். ஆலன் சாவி நம் ஊரில் 'எல்.என். கீ' ஆகிவிட்டது. சிரிக்காதீர்கள். ஜெர்மனியில் 1936-இல் ஒரு நிறுவனம் 'இன்பஸ்' என்று பெயர் வைத்தது, அங்கே பலர் அதை 'இம்பஸ்' என்கிறார்கள்.

பட்டறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக அளவைச் சொல்கிறேன். எம் எட்டு என்றால் மரையின் வெளிவிட்டம் 8 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஆணி 1.25 மில்லிமீட்டர் இறங்கும். ரெண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விட்வொர்த் கணக்கில் ஒரு சுற்றுக்கு 1.41 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் 0.16 பிசகும். மூன்று சுற்றில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அதற்குமேல் மரை விடாது. என் கட்டிலில் நடந்தது இதுதான்.

மற்ற ஆணிகளின் நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளப்பார்கள். சி.எஸ்.கே.க்கு மட்டும் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும், ஏனென்றால் தலையும் உள்ளேதான் போகிறது. மெட்ரிக் ஆணியின் தலைச் சரிவு 90 பாகை. அமெரிக்க அங்குல ஆணிக்கு 82. விமானங்களில் 100 பாகையும் உண்டு. 82 பாகைக் குழியில் 90 பாகைத் தலையை இறக்கினால் மேல் விளிம்பில் ஒரு வளையம் மட்டுமே தொடும். பார்வைக்கு உட்கார்ந்த மாதிரிதான் தெரியும்.

தலை சரிந்து மெலிவதால் குழிக்குக் கிடைக்கும் இடமும் குறைவு. எம் எட்டு உருளைத்தலை ஆலன் போல்ட்டுக்கு 6 மில்லிமீட்டர் சாவி. அதே எம் எட்டு சி.எஸ்.கே.க்கு 5 தான். தலை மெலிந்தது என்பதால் அது தாங்கும் இழுவையையும் குறைத்தே கணக்கிட வேண்டும் என்று உலகத் தரமே சொல்கிறது. மரை தாங்கும், கழுத்தில் தலை பிய்ந்துவிடும்.

அதனால் முறுக்கிலும் நிதானம் வேண்டும். டார்க் என்பதை நம் வகுப்புக் கணக்காகவே பார்ப்போம். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ தொங்கவிட்டால் சுமார் 24.5 நியூட்டன் மீட்டர். 8.8 என்று முத்திரை உள்ள சாதாரண எம் எட்டு போல்ட்டுக்குச் சொல்லப்படும் முறுக்கு ஏறக்குறைய அதுதான். சி.எஸ்.கே.க்கு அதைவிடக் குறைவு. எவ்வளவு என்பதற்குத் தயாரித்தவரின் அட்டவணையைப் பார்க்க வேண்டும், கைவாகில் போடக் கூடாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ 10-இல் 9 பங்கை உராய்வே தின்றுவிடும். மீதி ஒரு பங்குதான் ஆணியை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறைவதால் அதே முறுக்குக்கு ஆணி அதிகம் இழுபடும். ஆக, கைக்கு 'டைட்டா இருக்கு' என்று தெரிவது சாட்சியே அல்ல.

இதை உலகமே அறியும்படி காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. அவன் என்னிடம் ஸ்கேல் கேள்வி கேட்ட அதே 1990-இல் நடந்தது. ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் பர்மிங்காமில் இருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பியது. பயணிகள் 81 பேர், ஊழியர்கள் 6 பேர். 17,300 அடி உயரத்தில், காலைச் சிற்றுண்டிக்கு ஆயத்தமாகும் நேரம், விமானிக்கு முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. விமானி டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே உறிஞ்சப்பட்டார். ஓடி வந்த பணியாளர் நைஜல் ஆக்டன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவர் கை விறைத்துப்போனதும் மற்றவர்கள் மாறி மாறிப் பிடித்தார்கள். விமானி இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள், ஆனாலும் விடவில்லை. துணை விமானி அலஸ்டர் அட்சிசன் சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். லங்காஸ்டரும்கூட எலும்பு முறிவுகளோடும் குளிர்க்காயங்களோடும் பிழைத்து, சில மாதங்களில் மறுபடி விமானம் ஓட்டினார்.

விசாரணையில் தெரிந்தது இது. கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்பு அந்தக் கண்ணாடி புதிதாக மாற்றப்பட்டிருந்தது. வெளிப்பக்கமிருந்து 90 ஆணிகள் பிடித்த கண்ணாடி அது. ஆலன் சாவி வகை அல்ல, ஆனால் அதே குழித்தலை ஆணிகள். அந்த 90-இல் 84 ஆணிகளின் விட்டம் 0.66 மில்லிமீட்டர் குறைவு. மீதி 6 ஆணிகளின் நீளம் 2.5 மில்லிமீட்டர் குறைவு.

வேலை செய்தவர் அனுபவசாலி, இரவுப் பணியின் மேலாளர். ஆள் குறைவு என்று, அதிகாலையில் தானே செய்தார். கழற்றிய பழைய ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதே மாதிரி தேடினார். கிடங்கில் இருந்தவர் அந்தக் கண்ணாடிக்கு வேறு அளவு என்று சொல்லியும், கழற்றியது இதுதானே என்று அதையே தேடினார். போதுமான எண்ணிக்கை கிடைக்காமல், விமான நிலையத்தின் இன்னொரு மூலையில் வெளிச்சம் போதாத இடத்தில், கண்ணளவில் ஒப்பிட்டு 84 ஆணிகளை எடுத்தார். படிக்கும் கண்ணாடி அணியவில்லை. கழற்றிய பழைய ஆணிகளே அளவில் நீளம் குறைந்தவை. முன்பு யாரோ தவறாகப் போட்டு, அவை சில ஆண்டுகள் தாங்கியும் இருந்தன!

எடுத்த ஆணிகள் ஏன் ஏறின? இரண்டு அளவுக்கும் ஓர் அங்குலத்துக்கு 32 சுற்று என்ற ஒரே கணக்கு. அதனால் மெலிந்த ஆணியும் பருத்த நட்டில் தடையின்றி ஏறியது, பல்லின் நுனியைத் தொட்டபடி. முறுக்கு அளக்கும் திருப்புளி சரியான அளவு வந்ததும் 'க்ளிக்' என்று விடும். மரை நழுவியதையும் அந்த 'க்ளிக்' என்றே அவர் எடுத்துக்கொண்டார். தலை சிறியதாக இருந்ததால் குழியில் பள்ளம் தெரிந்திருக்கும். ஆனால் எட்டிக்கொண்டு வேலை செய்த நிலையில் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அந்தக் கண்ணாடிக்கு இருக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், 'இதே மாதிரி' என்று கேட்டு வாங்கி, இறுகியதும் நிம்மதியாகத் தூங்கியவள்தானே நானும்! நானாவது படிக்கும் கண்ணாடி போட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

விட்வொர்த் முதல் ஐ.எஸ்.ஓ. வரை நூறு ஆண்டுக்கும் மேல் உழைத்து உலகம் ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறது: நேரில் பார்த்தே இராத இரண்டு பேர், வெவ்வேறு ஊரில் செய்த ஆணியும் நட்டும் முதல் முறையே சேரும். அது பலிப்பது பெயரையும் எண்ணையும் படித்தால் மட்டுமே. கண்ணளவில் எடுத்தால் நாம் மாட்ஸ்லிக்கு முந்தைய காலத்துக்கே போய்விடுகிறோம்.

எனவே டீச்சரின் வீட்டுப்பாடம். ஆணி தொலைந்தால் பழையதைக் கொண்டுபோங்கள், ஆனால் மெட்ரிக்கா இஞ்ச்சா என்று கேளுங்கள். இரண்டையும் மரையோடு மரை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். போடும்போது முதல் சில சுற்றைக் கையாலேயே திருகுங்கள், கையால் போகாததை சாவியால் தள்ளாதீர்கள். தலை சமமாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாக, வீட்டில் வேறொருவரைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டிலுக்கு அவனே மறுநாள் எம் எட்டு சி.எஸ்.கே. கொரியரில் அனுப்பிவிட்டான். ஒன்று கேட்டால் நான்கு அனுப்பியிருக்கிறான், கூடவே 5 மில்லிமீட்டர் ஆலன் சாவியும். மருமகன் போட்டான், நான் இழுத்துப் பார்த்தேன்.

தம்பி, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். 1990-இல் நீ கேட்டது நல்ல கேள்வி. உட்கார வைத்தது என் தவறு. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன்.

ஐ.டி.ஐ., பட்டறை, தொழிற்சாலையில் இருக்கும் என் பிள்ளைகள் இதில் பிழை கண்டால் தயங்காமல் கீழே எழுதுங்கள். அன்று போல உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்